அமெரிக்காவில் கிளியரன்ஸ் வேலை, ஊரில் அடைபடாத கடன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் காணி உறுதி, வங்கிக் கடிதம், பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். அமெரிக்கக் குடியுரிமை எடுத்த பிள்ளைகள் அங்கே பாதுகாப்புத் துறை சார்ந்த கொம்பனிகளில் வேலைக்குச் சேரத் தொடங்கிய பிறகு, "மகனுக்குக் கிளியரன்ஸுக்குக் கேட்கிறாங்களாம்" என்று பழைய கடன் கடிதங்களோடு வரும் பெற்றோர் கூடிவிட்டார்கள். கடிதத்தோடு கேள்விகளும் வரும். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். நான் சட்டத்தரணி அல்ல. மறுப்புக் கடிதம் கைக்கு வந்தவர்கள் அங்கேயே இந்த விசயத்தில் பழகிய ஒரு சட்டத்தரணியைப் பிடியுங்கள்.

கிளியரன்ஸ் என்றால் என்ன? பொலிஸ் ரிப்போர்ட் மாதிரியா?

பொலிஸ் ரிப்போர்ட்டை விடப் பெரியது. அமெரிக்க அரசின் இரகசியத் தகவலை ஒருவர் கையில் கொடுப்பதற்கு முன், அவரை நம்பலாமா என்று அரசு விசாரித்துக் கொடுக்கும் அனுமதி. கொன்ஃபிடென்ஷல், சீக்ரெட், டொப் சீக்ரெட் என்று மூன்று படிகள் உண்டு. தனியாளாக விண்ணப்பிக்க முடியாது. வேலை கொடுக்கும் திணைக்களமோ கொம்பனியோதான் பெயரை முன்வைக்க வேண்டும். பொதுவாக அமெரிக்கக் குடியுரிமை தேவை, கிறீன் கார்ட் போதாது.

விசாரித்து வந்த தகவலை 2017 யூன் 8 முதல் நடைமுறையில் இருக்கும் ஒரே வழிகாட்டியை வைத்து எடைபோடுகிறார்கள். அதில் ஏ முதல் எம் வரை 13 தலைப்புகள். எஃப் என்ற தலைப்பு முழுக்கப் பணம் பற்றியது. பாதுகாப்புத் திணைக்களத்தின் கொம்பனி ஊழியர்களுக்கான வழக்குகளை விசாரிக்கும் டோஹா அலுவலகத்தின் தீர்ப்புகள், பெயர்கள் நீக்கப்பட்டு, பொதுவில் கிடக்கின்றன. புரட்டிப் பார்த்தால் போதைப்பொருளை விட, வெளிநாட்டுச் சொந்தங்களை விட, அதிகம் கண்ணில் படுவது இந்த எஃப் தலைப்புத்தான்.

கடன் இல்லாத மனுசர் யார்? அதுக்கும் நாட்டின் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்?

கடன் இருப்பதை யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு இரண்டு பயம். கழுத்துவரை கடனில் நிற்பவருக்கு யாராவது காசு காட்டித் தகவல் கேட்கலாம் என்பது ஒன்று. அதை விட அவர்கள் அதிகம் பேசுவது மற்றதைப் பற்றி: வாங்கிய காசைத் திருப்பிக் கொடுக்கும் ஒழுங்கு இல்லாதவர், இரகசியத்தைக் காக்கும் ஒழுங்கிலும் அப்படித்தான் இருப்பாரோ என்பது. ஆகவே கட்ட வழியில்லாமை, வழி இருந்தும் கட்ட மனமில்லாமை, வருமானத்துக்கு மீறித் தொடர்ந்து செலவழித்தல், சூதுக்குக் கடன் வாங்குதல், வரிப் படிவம் போடாமை, கணக்குக் காட்ட முடியாத திடீர்ப் பணம் எல்லாமே அந்தத் தலைப்பின் கீழ் வருகின்றன.

எவ்வளவு கடன் இருந்தால் மறுப்பார்கள்?

அப்படி ஒரு தொகை எங்கும் எழுதப்படவில்லை. ஐந்து லட்சம் டொலர் வீட்டுக் கடனை மாதாமாதம் கட்டுகிறவருக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. நாலாயிரம் டொலர் கடனட்டைப் பாக்கியை நாலு வருடமாகத் திரும்பியும் பார்க்காதவருக்குப் பிரச்சினை வரலாம். எப்படி வந்த கடன், வந்த பிறகு என்ன செய்தீர்கள், இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். ஒருவரின் முழு வாழ்க்கையையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்றும் வழிகாட்டி சொல்கிறது. சந்தேகம் மிஞ்சினால் நாட்டின் பக்கமே தீர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. பின்னதை மறந்துவிட்டு முன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு தெம்பாக இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

படிவத்தில் கடனைப் பற்றி என்ன கேட்கிறார்கள்?

எஸ்.எஃப். 86 என்ற நீண்ட படிவம். அதன் 26ஆம் பகுதி பணம். கடந்த ஏழு வருடத்தில் வங்குரோத்துக்கு மனுப் போட்டீர்களா, வரிப் படிவம் போடாமல் விட்டீர்களா, எந்தக் கடனிலாவது 120 நாளுக்கு மேல் பிந்தினீர்களா, பாக்கி வசூல் கொம்பனியின் கைக்குப் போனதா, கடன் கட்டாததால் வாகனத்தையோ பொருளையோ தூக்கிக்கொண்டு போனார்களா, சம்பளத்தில் பிடித்தம் நடந்ததா, வீட்டை விட்டு எழுப்பினார்களா என்று வரிசையாக வரும். இப்போது 120 நாளுக்கு மேல் பிந்திய கடன் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. சூதால் பணப் பிரச்சினை வந்ததா என்ற கேள்விக்கு மட்டும் ஏழு வருட எல்லை கிடையாது, வாழ்நாள் முழுவதும்.

இந்தப் படிவத்துக்குப் பதிலாகப் புதிய கேள்விப்படிவம் ஒன்று 2023இல் ஒப்புதல் பெற்றிருக்கிறது. மகனுக்கு எது வந்தாலும், அதில் எழுதியிருக்கும் கேள்வியையே வாசித்துப் பதில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பெடியன் போன வருடம் என்ன எழுதினான் என்பது உதவாது.

நான் கடன் எடுக்கவில்லை, மச்சானுக்குப் பிணை மட்டும்தான் நின்றேன். அதையும் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் தனியாக எடுத்த கடனை மட்டுமல்ல, சேர்ந்து கையொப்பம் வைத்ததையும் பிணை நின்றதையும் சேர்த்து எழுதுங்கள் என்று 26ஆம் பகுதி வெளிப்படையாகவே கேட்கிறது. ஊரில் பிணை என்பது உறவுக்குச் செய்யும் உதவி. மச்சான் லீசிங்கில் வான் எடுக்கிறார், இரண்டு பிணையாளிகள் வேண்டும் என்கிறார்கள், விடுமுறையில் வந்து நிற்கும் நீங்கள் கையொப்பம் வைத்துவிட்டுப் பிளேன் ஏறுகிறீர்கள். மச்சான் ஒரு வருடம் கட்டுகிறார். பிறகு ஹயர் ஓட்டம் குறைகிறது, தவணை பிந்துகிறது. லீசிங் கொம்பனியின் கடிதம் உங்கள் பழைய விலாசத்துக்குப் போகிறது. அம்மா அதைப் பிரிக்காமலே சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவைக்கிறார், "பிள்ளை அங்கே கஷ்டப்படுது, இதைச் சொல்லி ஏன் மனதை நோகடிக்க" என்று. அந்தக் கடிதம் பல மாதத்துக்குப் பிறகு பிரிக்காமலே என் மேசைக்கு வரும். உள்ளே இருக்கும் தொகையை நான் வாசித்துச் சொல்லும்போதுதான் பிள்ளைக்கே விசயம் தெரியும்.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. ஊரில் யாருக்காவது கையொப்பம் வைத்த ஞாபகம் இருந்தால் இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். எல்லோரும் கிறிப் ரிப்போர்ட் என்பது அதைத்தான். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. அடையாள அட்டை இலக்கத்தை வைத்துத் தன்னுடைய அறிக்கையைத் தானே கேட்டு எடுக்கலாம். நீங்கள் எடுத்த கடனோடு பிணை நின்ற கடனும் அதில் இருக்கும். படிவத்தை நிரப்புவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை இது.

மச்சான் கட்டவில்லை என்று தெரிந்தால் மூன்று விதமாக முடிக்கலாம்: அவரைக் கட்டவைப்பது, நீங்களே கட்டுவது, கொம்பனியோடு பேசித் தவணையை மாற்றி எழுதுவிப்பது. எதைச் செய்தாலும் கடிதமாக வாங்குங்கள். "அவர் பார்த்துக்கொள்வார்" என்பது விசாரணை அதிகாரி முன்னால் ஒரு பதிலே அல்ல.

இலங்கைக் கடன் அமெரிக்கக் கிறெடிட் ரிப்போர்ட்டில் வராதே. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்?

வராது, உண்மை. அந்த ரிப்போர்ட்டைத் தயாரிக்கும் எக்குவிஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், ட்ரான்ஸ்யூனியன் என்ற மூன்று கொம்பனிகளும் இங்கே மக்கள் வங்கிக் கிளையிடம் போய்க் கேட்பதில்லை. ஆனால் படிவம் "அமெரிக்கக் கடன்" என்று கேட்கவில்லை, "எந்தக் கடனும்" என்று கேட்கிறது.

கடனை ஒளித்ததாகத் தெரியவந்தால் விசயம் எஃப் தலைப்பிலிருந்து ஈ தலைப்புக்குப் போய்விடும். அது நேர்மை பற்றிய தலைப்பு. கட்டாத கடனுக்கு விளக்கம் கொடுக்கலாம், கட்டி முடிக்கலாம். தெரிந்தே பொய் எழுதியதை எதைக் கட்டி முடிப்பது? போதாதற்கு, அமெரிக்க அரசுக்குத் தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது ஐந்து வருடம் வரை சிறைக்குரிய குற்றம். படிவத்திலேயே அந்த எச்சரிக்கை இருக்கிறது.

மானம் போய்விடும் என்று ஒளிக்கிறவர்கள்தான் எங்கள் பக்கம் அதிகம். அந்த விசாரணை அதிகாரிக்கு உங்கள் சாதியும் தெரியாது, ஊரும் தெரியாது, கோயில் உபயமும் தெரியாது. கடன்பட்டவர்களையே நாள் முழுக்கப் பார்க்கிற ஆள் அவர். அவரிடம் போய் என்ன மானம்?

மறதியாக விட்டது வேறு. ஞாபகம் வந்த உடனே, அவர்கள் கேட்பதற்கு முன்பே, தானாகச் சொல்லித் திருத்தினால் அதைச் சாதகமாக எடுத்துக்கொள்ள வழிகாட்டியில் இடம் உண்டு.

அப்பாவின் கடன் என் கடனா?

நீங்கள் கையொப்பம் வைக்காதவரை இல்லை. அப்பா கமத்துக்கு எடுத்த கடன், அம்மா எடுத்த நுண்கடன் எதுவும் உங்கள் 26ஆம் பகுதிக்குள் வராது.

ஆனால் வேறு இரண்டு வாசல் இருக்கிறது. இலங்கையில் இருக்கும் பெற்றோர் பற்றிய விவரம் பி என்ற தலைப்பின் கீழ், வெளிநாட்டுச் செல்வாக்கு என்று பார்க்கப்படும். அப்பா யாரிடமோ பெரிய தொகை கொடுக்க வேண்டியிருந்து, அவர் அப்பாவை நெருக்கி உங்களை வளைக்கலாம் என்ற நிலை இருந்தால் அது பேசப்பட வேண்டிய விசயம். மற்றது, வெளிநாட்டவர் ஒருவருக்கு எப்போதாவது பண உதவி செய்தீர்களா என்று 20ஏ பகுதியில் ஒரு கேள்வி உண்டு. அப்பாவின் கடனுக்கு மாதம் இருநூறு டொலர் அனுப்புவது தப்பே இல்லை, கேட்ட இடத்தில் எழுதினால் சரி.

சீதனமாக என் பெயருக்கு எழுதிய காணியை அப்பா ஈடு வைத்திருக்கிறார். எனக்கு இப்போதுதான் தெரியும்.

உறுதி மகள் பெயரில் இருந்தால் காணி மகளுடையது. ஊரில் அதை எல்லோரும் அப்பாவின் காணி என்று சொன்னாலும் சரி. 20ஏ பகுதியில் வெளிநாட்டில் உள்ள அசையாச் சொத்தைக் கேட்கிறார்கள், உங்களுடையதையும் வாழ்க்கைத் துணையுடையதையும் சேர்த்து. அந்தக் காணியை அங்கே எழுத வேண்டும். "நான் கண்ணாலும் காணாத பனங்காணி" என்று விட முடியாது.

ஈட்டு உறுதியில் யாருடைய கையொப்பம் இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய அற்றோர்ணித் தத்துவத்தை (உங்களுக்குப் பதிலாகக் கையொப்பம் வைக்கக் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்தை) வைத்து அப்பா கையொப்பம் வைத்திருந்தால் அது உங்கள் பெயரில் நடந்த கொடுக்கல் வாங்கல்தான். காணிப் பதிவகத்தில் பதிவைத் தேடி எடுத்து, ஈடு இன்னும் மீட்கப்படவில்லையா, வட்டி எவ்வளவு நிற்கிறது என்று அறிந்துகொண்டு பேசுங்கள். அற்றோர்ணித் தத்துவத்தைக் கொடுத்தவர்கள் பாதிப்பேருக்கு மேல், எதற்குக் கொடுத்தோம் என்பதையே மறந்துவிடுகிறார்கள். இதைப் பெற்றோருக்கு முன்னால் சொன்னால் என்னை முறைக்கிறார்கள், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

சீட்டு, கைமாற்று, அடைவு: இதெல்லாம் கடன் கணக்கில் வருமா?

அடைவு வைத்த நகைக்குப் பெரிய சிக்கல் இல்லை. மீட்காவிட்டால் வங்கி நகையை ஏலத்தில் விடும், கணக்கு பெரும்பாலும் அதோடு முடியும். ரசீதை வைத்திருங்கள்.

சீட்டு அப்படி அல்ல. முதலாவது மாதமே கழிவு போட்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு, பிறகு மாதக் காசு கட்டாமல் விட்டால் அது மற்ற அங்கத்தவர்களின் காசு. சட்டப்படி எழுதாத கணக்காக இருந்தாலும் உங்களிடம் காசு வர வேண்டிய பத்துப் பேர் ஊரில் இருக்கிறார்கள். டொப் சீக்ரெட் விசாரணையில் நண்பர், அயலவர், பழைய வேலையிடம் என்று ஆட்களைத் தேடிப் பேசுவார்கள். ரொறொன்ரோவில் இருக்கும் சீட்டுக்காரியின் தம்பி உங்களோடு நியூ ஜேர்சியில் வேலை பார்த்திருப்பார். எங்கள் உலகம் அவ்வளவு சின்னது.

கைமாற்றில் சிக்கல் வேறு மாதிரி. வாங்கியதற்கும் கடிதம் இல்லை, கொடுத்ததற்கும் கடிதம் இல்லை. திருப்பிக் கொடுக்கும்போதாவது வங்கி மூலம் கொடுங்கள், அல்லது வாங்கியவரிடம் திகதியும் தொகையும் எழுதி ஒரு கையொப்பம் எடுங்கள். முழுக் கணக்கையும் ஒரே தாளில் எழுதி முடித்து, கிராம அலுவலர் தெரிந்தவராக இருந்தால் அவருக்கு முன்னால் வைத்தே வாங்கலாம். அழகான ஆங்கிலம் தேவையில்லை, மொழிபெயர்த்துக்கொள்ளலாம். ஆனால் தாளே இல்லாததை எப்படி மொழிபெயர்ப்பது?

மீற்றர் வட்டிக்கு எடுத்துச் சிக்கியவர்களுக்கு ஒன்று. அநியாய வட்டிக்காரரிடம் ஏமாந்து கடன்பட்டதை, தன் கைமீறிய காரணங்களில் ஒன்றாக வழிகாட்டி பெயர் சொல்லியே ஏற்றுக்கொள்கிறது. ஏமாந்த பிறகு பொறுப்பாக என்ன செய்தீர்கள் என்பதையும் காட்ட வேண்டும்.

ஏஜென்சிக் காசு இன்னும் அடைபடவில்லை.

வெளிநாடு வர வாங்கிய கடன் என்று எழுதும்போது, எப்படி வந்தீர்கள் என்ற கேள்வி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும். அகதி விண்ணப்பத்தில் அன்று சொன்னதும் இன்று கடனைப் பற்றிச் சொல்வதும் பொருந்த வேண்டும். அந்த விண்ணப்பத்தின் பிரதி கையில் இல்லாமல் படிவத்தை நிரப்ப வேண்டாம். இந்த ஒரு விசயத்துக்குச் சட்டத்தரணிக்குக் காசு செலவழிப்பது வீண் செலவு அல்ல.

தங்கச்சியின் கலியாணத்துக்காகக் கடனட்டையில் எடுத்தேன், கட்ட முடியாமல் போய்விட்டது. மன்னிப்பார்களா?

வேலை போனது, திடீர் நோய், மரணம், விவாகரத்து, வியாபாரம் படுத்தது, அடையாளத் திருட்டு போன்றவை கைமீறிய காரணங்களாக ஏற்கப்படும். கலியாணம் திடீரென்று வந்து விழுவதல்ல. நாள் பார்த்து, மண்டபம் பிடித்து, வீடியோக்காரருக்கு முற்பணம் கொடுத்து நடத்துவது. ஆகவே அதைக் கைமீறிய காரணமாகக் காட்டப் பார்ப்பதில் பயன் இல்லை என்பது என் எண்ணம். ஒருமுறை நடந்த செலவு, இனித் திரும்பாது, இன்ன திகதியிலிருந்து இவ்வளவு கட்டிவருகிறேன் என்று சொல்வது நேராக இருக்கும். இன்னும் இரண்டு தங்கச்சி இருந்தால் "இனித் திரும்பாது" என்பதை யோசித்துச் சொல்லுங்கள்.

ஊரில் வியாபாரத்துக்கு எடுத்த கடன் 2022இல் இறுகியவர்கள் நிலை வேறு. அந்த ஏப்ரல் 8இல் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக ஏழு சதவீதப் புள்ளி உயர்த்தியது. ஏப்ரல் 12இல் நாடே வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது. ஒரு டொலர் இருநூறு ரூபாவிலிருந்து மூன்று மாதத்துக்குள் முந்நூற்று அறுபதுக்குப் போனது. கைமீறியது என்பதற்கு இதை விடச் சாட்சி வேண்டாம். வங்கி அப்போது வட்டி மாற்றி அனுப்பிய கடிதத்தைத் தேடி எடுத்து இணையுங்கள்.

ஏழு வருடம் கடந்தால் கடன் அழிந்துவிடுமாமே?

கிறெடிட் ரிப்போர்ட்டிலிருந்து பெரும்பாலான பாதகமான பதிவுகள் ஏழு வருடத்தில் போகும், வங்குரோத்து பத்து வருடம் வரை நிற்கும். பதிவுதான் போகிறது. வழக்குப் போடும் காலம் கடந்துவிட்டது என்று சொல்லிக் கட்டாமல் இருந்தவர்களை டோஹா நீதிபதிகள் பலமுறை ஏற்கவில்லை. காலம் கடக்கட்டும் என்று காத்திருப்பது கடனைத் தீர்க்க எடுத்த முயற்சி ஆகாது என்பது அவர்கள் நிலைப்பாடு. கடன் கொடுத்தவர் கணக்கை நட்டத்தில் எழுதிவிட்டார் என்பதும் நீங்கள் கட்டியதாக ஆகாது.

வங்குரோத்துக்குப் போனால் எல்லாம் முடிந்ததா?

இல்லை. சட்டம் தரும் வழி அது. ஏன் அங்கே போக நேர்ந்தது, அதற்குப் பிறகு எப்படி வாழ்கிறீர்கள் என்று பார்ப்பார்கள்.

வரி?

கடனட்டைப் பாக்கியை விட இதைக் கடுமையாகப் பார்ப்பார்கள். வருடாவருடம் படிவம் போடாதவர் விதிக்குக் கட்டுப்படாதவர் என்பது அவர்கள் கணக்கு. காசு இல்லாவிட்டாலும் படிவத்தைப் போட்டுவிட்டுத் தவணைக்கு எழுதுங்கள், வரித் திணைக்களத்தோடு செய்த தவணை ஒப்பந்தம் சாதகமாக எடுத்துக்கொள்ளப்படும். எங்கள் ஆட்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: யாழ்ப்பாணத்து வங்கிகளில் உங்கள் பெயரில் உள்ள நிலையான வைப்புகள், சேமிப்புகள் எல்லாம் சேர்த்து வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டொலரைத் தாண்டினால் அதற்கென்று தனி அறிக்கை போட வேண்டும். அம்மாவோடு கூட்டுக் கணக்கு என்றாலும் சேரும்.

உண்டியலில்தான் அனுப்புகிறேன், வங்கியை விட நல்ல விலை தருகிறான்.

அனுமதி இல்லாமல் பணம் மாற்றும் தொழில் செய்வது அமெரிக்காவில் குற்றம். கிளியரன்ஸ் எடுக்கப் போகிறவர் அந்த ஆட்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வது எவ்வளவு புத்தி என்று நீங்களே யோசியுங்கள். அப்பாவின் கடனுக்கு அனுப்பினேன் என்று நாளைக்குச் சொன்னால் காட்டுவதற்கு வாட்சப்பில் வந்த ஒரு நோட்டு இலக்கம் மட்டும்தான் இருக்கும்.

சரி, கடன் இருக்கிறது. இப்போது என்ன செய்யட்டும்?

முதலில் மூன்று கிறெடிட் ரிப்போர்ட்டையும் எடுங்கள், வாரத்துக்கு ஒருமுறை இலவசம். உங்களுடையது அல்லாத கடன் இருந்தால் எழுத்தில் மறுத்து, அந்தக் கடிதத்தை வையுங்கள். உங்களுடையது என்றால் கடன்காரரோடு பேசித் தாங்கக்கூடிய தவணை ஒன்றைப் பிடியுங்கள். மாதம் ஐம்பது டொலர் என்றாலும் ஒழுங்காகப் போகட்டும். ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டிய கணக்கு, விசாரணைக்கு முதல் வாரம் அவசரமாகக் கட்டிய முழுத்தொகையை விட நன்றாகப் பேசும். இலாப நோக்கில்லாத கடன் ஆலோசனை நிலையத்துக்குப் போவதும் சாதகம்தான்.

ஊர் வங்கியிடம் கடிதம் வாங்கும்போது கவனம். "கணக்கு மூடப்பட்டுள்ளது" என்ற ஒற்றை வரிக் கடிதம் எதையும் சொல்லாது. கடன் இலக்கம், எடுத்த திகதி, தொகை, பிந்தியிருந்தால் எவ்வளவு காலம், கடைசித் தொகை கட்டிய திகதி, நிலுவை இல்லை என்ற வரி, அதிகாரியின் பெயர், பதவி, முத்திரை இவ்வளவும் வேண்டும். முத்திரை பெயருக்கு மேல் விழுந்து எழுத்தை மறைத்தால் வேறு பிரதி கேளுங்கள். கவுண்டரில் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை, நில்லுங்கள்.

காரணக் கூற்று ஒன்று வந்திருக்கிறது. மறுத்துவிட்டார்களா?

இன்னும் இல்லை. என்னென்ன காரணத்தால் தர யோசிக்கிறோம் என்று ஒவ்வொரு கடனாக எழுதி அனுப்புவது அது. கொம்பனி ஊழியர்களுக்கு வழக்கமாகப் பதில் எழுத 20 நாள். ஒவ்வொரு வரிக்கும் "ஏற்கிறேன்" அல்லது "மறுக்கிறேன்" என்று எழுதி, விளக்கமும் ஆவணமும் வைத்து, நீதிபதி முன் விசாரணை வேண்டுமா என்றும் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து கடிதம் எடுத்து மொழிபெயர்ப்பிக்க 20 நாள் போதாது, அதனால் காலநீடிப்புக்கு முதல் நாளே கேளுங்கள்.

கிளியரன்ஸ் கிடைத்துவிட்டது. இனிக் கவலை இல்லையே?

முன்பு ஐந்து, பத்து வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்த்தார்கள். இப்போது கணினி தொடர்ந்து பார்க்கிறது, கடன் பிந்தினால் எச்சரிக்கை போகும். 120 நாளுக்கு மேல் பிந்தினால் நீங்களும் தானாக அறிவிக்க வேண்டும். டொப் சீக்ரெட் உள்ளவருக்குப் 10,000 டொலர் அல்லது அதற்கு மேல் வழமைக்கு மாறாகப் பணம் வந்தாலும் அறிவிக்க வேண்டும். நல்லூரில் முதுசக் காணி விற்று உங்கள் பங்கு வந்தால் அதுவும் இதற்குள் வரும்.

கனடா, லண்டனில் இருப்பவர்களுக்கும் இப்படியா?

சட்டங்கள் வேறு, போக்கு ஒன்றுதான். பிரித்தானியாவில் எஸ்.சி. என்ற பாதுகாப்பு அனுமதி நிலைக்கே கிறெடிட் பதிவைப் பார்க்கிறார்கள், அதற்கு மேலான டி.வி. நிலைக்கு வரவு செலவு முழுவதையும் கேட்டுத் தனிப் படிவம் உண்டு. கனடாவிலும் மத்திய அரசு வேலைக்கான பாதுகாப்புச் சோதனையில் கிறெடிட் பார்ப்பது வழக்கம். மேலே உள்ள 120 நாள், 20 நாள் போன்ற எண்களை அங்கே கொண்டுபோய்ப் பொருத்த வேண்டாம்.

கடன் கொடுத்தவர் வீட்டுக்கு வந்து, "மகனின்ரை வேலையிடத்துக்கு எழுதிப் போடுவன்" என்று மிரட்டுகிறார். மகனுக்குச் சொல்லட்டா, விடட்டா?

இன்றைக்கே சொல்லுங்கள். கடனை வைத்து ஒருவர் இப்படி நெருக்கக்கூடும் என்பதும் அவர்களுடைய கவலைகளில் ஒன்று. மகன் தன் கொம்பனியின் பாதுகாப்பு அதிகாரியிடம் போய், இன்னாருக்கு இவ்வளவு கொடுக்க இருக்கிறது, இப்படி மிரட்டுகிறார், இன்ன ஒழுங்கில் கட்டப்போகிறேன் என்று தானே முதலில் சொல்லிவிட்டால், அந்த மனுசர் எழுதும் கடிதத்தில் புதிதாக ஒன்றும் இருக்காது. மிரட்டியது தொலைபேசிச் செய்தியாக வந்திருந்தால் அழிக்காமல் வையுங்கள். கடனை மறுக்க வேண்டாம், வந்தவரோடு வாசலில் சண்டையும் வேண்டாம். கொடுக்க இருக்கும் தொகையை இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு ஒரு தாளில் எழுதி, முதல் தவணையை அவருடைய வங்கிக் கணக்குக்குப் போட்டு, போட்ட சீட்டின் படத்தை மகனுக்கு அனுப்பிவிடுங்கள்.